கோணி ஊசியும் விமரிசனமும்

தமிழில் விமரிசனம் போதாது என்று ஒரு புகார் வெகு காலமாக இருந்துவருகிறது. க. நா. சுப்ரமண்யம் அதைச் சொன்னார். சி. சு. செல்லப்பா சொன்னதோடு நிற்காமல் 1959ல் ‘எழுத்து’ என்று ஒரு பத்திரிகையே ஆரம்பித்தார். புகாரில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் அதற்கு ஒரு சிறு திருத்தம் கொண்டுவர விரும்புகிறேன். தமிழ்நாட்டில் வாரா வாரம், வீட்டுக்கு வீடு, ஒரு விமரிசனம் நடந்துகொண்டுதான் இருந்தது. அதைச் செய்தவர்கள் கட்டுரை எழுதவில்லை, மேடை ஏறவில்லை. கையில் ஒரு கத்தரிக்கோலும் கோணி ஊசியும் வைத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

நான் சொல்வது ‘பைண்டு’ வால்யூம்களை. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையைப் பக்கம் பக்கமாக உருவி, கதை முடிந்ததும் ஒன்றாகத் தைத்து, அட்டை போட்டு வைத்துக்கொண்ட அந்தத் தடித்த புத்தகங்களை நேயர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சில பேர் தைத்தும் இருப்பீர்கள். திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒரு காலத்தில் அப்படி ஒன்றாவது இல்லாத நடுத்தரக் குடும்பம் அபூர்வம். வீட்டிலேயே செய்த கைவேலை. பழங்காகிதத்தில் பிறந்த நூல். செலவு என்று சொல்லிக்கொள்ளக் காப்பிக்கு ஆகும் காசுகூட ஆகாது. இவற்றை இலக்கியத்தின் ஒரு வடிவமாக யாரும் எடுத்துக்கொண்டு பரிசீலித்ததாகத் தெரியவில்லை. நாவல் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் அந்தக் கடமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் செய்முறையைப் பார்ப்போம். விமரிசனத்துக்கு அதுவும் அவசியம்.

பத்திரிகையின் நடுவே உள்ள கம்பியைப் பேனாக்கத்தி முனையால் நிமிர்த்திக் கதைப் பக்கங்களை உருவிக்கொள்ள வேண்டும். கிழித்தால் பிசிறும், உருவினால்தான் ஓரம் கெடாது. வாரா வாரம் சேர்ந்ததைத் தேதி வரிசையாக அடுக்கி, குழவிக் கல்லையோ அரிசி டின்னையோ மேலே ஏற்றி இரண்டு நாள் அழுத்த வேண்டும். பிறகு முதுகுப்புறம் ஓரத்திலிருந்து அரை அங்குலம் தள்ளி ஐந்து துளை போட்டு, கோணி ஊசியில் மெழுகு தடவிய நூலைக் கோத்து இழுத்துத் தைக்க வேண்டும். மடித்த தாளாக இருந்தால் நடுமடிப்பில் தைக்கலாம். இவை தனித்தனித் தாள்கள். ஆகவே பக்கவாட்டுத் தையல்தான் சாத்தியம். அதனால் புத்தகம் விரித்தபடி கிடக்காது. இடப்பக்கத்து வரிகளின் கடைசி எழுத்தையும் வலப்பக்கத்து வரிகளின் முதல் எழுத்தையும் தையல் விழுங்கிவிடும். அப்புறம் பசை. மைதாவைக் காய்ச்சி அதில் துளி மயில்துத்தம் கலந்தால் பூச்சி அண்டாது. அட்டை, புடவைக் கடைப் பெட்டியிலிருந்தோ பழைய காலண்டரிலிருந்தோ வரும். முதுகுக்கு ஒரு துண்டுக் காலிகோ. அது இல்லாத வீட்டில் பழைய ரவிக்கைத் துணி. இதைப் பைண்டரிடம் கொடுத்தும் செய்துகொள்ளலாம். ஆனால் வீட்டில் தைத்ததற்கும் கடையில் தைத்ததற்கும் உள்ள வித்தியாசம் வீட்டு ஊறுகாய்க்கும் கடை ஊறுகாய்க்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் இருந்த என் பெரியம்மா இந்தக் கலையில் நிபுணர். நான் பள்ளிக்கூடத்துப் பையனாக விடுமுறைக்குப் போகும்போது, பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிப் படிப்பேன். அப்போது நான் கண்டுகொண்டது இது: பெரியம்மாவிடம் மூன்று வகைத் தீர்ப்புகள் இருந்தன. உருவி எடுக்கப்படாமல் பத்திரிகையோடு எடைக்குப் போன கதைகள் ஒன்று. உருவி எடுத்து, சணலால் கட்டி, தைக்காமலே விடப்பட்ட கதைகள் இரண்டு. தைத்துக் காலிகோ போட்ட கதைகள் மூன்று. அந்த மூன்றாவது வரிசையில் இடம் பிடிப்பது சுலபமில்லை.

சணல் கட்டு ஒன்றைக் காட்டி, “இதை ஏன் பெரியம்மா தைக்கலை? இருபது வாரம் சேர்த்திருக்கியே?” என்று கேட்டேன்.

“எழுதினவருக்கே அலுத்துப்போச்சுடா. எனக்கு மட்டும் என்ன தலையெழுத்து?” என்றார்.

நான் படித்த எத்தனையோ மதிப்புரைகளில் இவ்வளவு சுருக்கமான, இவ்வளவு நியாயமான ஒரு வாக்கியத்தைக் கண்டதில்லை. நானும் தொடர்கதை எழுதியிருக்கிறேன். பதினெட்டாவது வாரத்தில் ஓர் எழுத்தாளனின் கை எப்படித் தளரும், சம்பாஷணையை நீட்டி எப்படிப் பக்கத்தை நிரப்புவான் என்பது தொழில் ரகசியம். அந்த ரகசியம் ஸ்ரீரங்கத்துச் சமையலறை வரைக்கும் தெரிந்திருந்தது.

இனி இந்த வால்யூம்களின் பெருமைகளைச் சொல்கிறேன். உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை, அத்தாட்சியோடு சொல்கிறேன்.

உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940ல் ஆனந்த விகடனில் தொடராக வர ஆரம்பித்தது. 1942ல் ஐயரவர்கள் காலமானார்கள். சரித்திரம் 122ஆம் அத்தியாயத்தோடு நின்றது. அது நூலாக வெளிவந்தது 1950ல். நடுவில் சுமார் எட்டு வருஷம், தமிழின் தலைசிறந்த சுயசரிதை புத்தகமாக எங்கே இருந்தது? வாரா வாரம் உருவித் தைத்து வைத்தவர்களின் அலமாரியில் மட்டும்தான். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் அவர். ஊர் ஊராகப் போய்ப் பரணிலும் அடுப்பங்கரையிலும் கிடந்த ஏடுகளைத் தேடி எடுத்தவர். அவருடைய சொந்தக் கதையை அதே மாதிரி பரண்கள்தாம் சில காலம் காப்பாற்றிக் கொடுத்தன. பொருத்தம் என்றால் இதுதான் பொருத்தம்.

தேவனை எடுத்துக்கொள்ளுங்கள். ‘துப்பறியும் சாம்பு’வையும் ‘மிஸ்டர் வேதாந்த’த்தையும் விகடனில் எழுதி லட்சக்கணக்கான பேரைச் சிரிக்க வைத்தவர். அவர் கதைகள் நூல்களாக வரத்தொடங்கியது பெரும்பாலும் அவர் 1957ல் மறைந்த பிறகுதான். உயிரோடு இருந்தபோது அவரைப் புத்தகமாக்கி மரியாதை செய்தவர்கள் அவருடைய வாசகர்களே. பதிப்பாளர் செய்யாததைக் கோணி ஊசி செய்தது.

பெயர் விஷயமும் ஒன்று உண்டு. ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எல்லோருக்கும் தெரியும்; 1972ல் சாகித்ய அகாதெமி பரிசு வாங்கியது. ஆனால் தினமணி கதிரில் அது தொடராக வந்தபோது அதற்கு வைத்த பெயர் ‘காலங்கள் மாறும்’. பைண்டு செய்து வைத்தவர் வீட்டில் அது இன்னும் அந்தப் பெயரோடுதான் இருக்கும். இரண்டு தலைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று காலத்தின் மேல் பழியையும் நம்பிக்கையையும் போடுகிறது. மற்றொன்று மனிதர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறது. ஒரு நாவலைப் பற்றி அதன் ஆசிரியர் எப்படி மனம் மாறினார் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

பிறகு படங்கள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் கல்கியில் வந்தது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். வாரா வாரம் மணியத்தின் சித்திரங்கள். கலைமணி என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ 1957-58ல் விகடனில் வந்தது, அதற்குக் கோபுலு. 1968ல் படம் வந்து சிவாஜியும் பத்மினியும் அந்தப் பாத்திரங்களின் முகங்களைப் பிடித்துக்கொள்வதற்குப் பத்து வருஷம் முன்பே அவற்றுக்குக் கோபுலு கொடுத்த முகங்கள் இருந்தன. மலிவுப் பதிப்பு வாங்கியவருக்குக் கதை மட்டும் கிடைக்கும். தைத்து வைத்தவருக்குக் கதையும் முகமும் கிடைக்கும். தொடர்கதை என்பது எழுத்தாளனும் சித்திரக்காரனும் வாரா வாரம் சேர்ந்து வாசித்த கச்சேரி. புத்தகமாகும்போது பக்கவாத்தியத்தை எடுத்துவிட்டால் பாட்டு இருக்கும், கச்சேரி இருக்காது.

இன்னொரு லாபம், பக்கத்தின் மறுபுறம். கதை ஒற்றைப் பக்கத்தில் முடிந்தால் பின்பக்கத்தில் வேறு ஏதாவது இருக்கும். ஒரு துணுக்கு; ஒரு தலைவலித் தைல விளம்பரம்; ரவா உப்புமாவைக் கட்டி தட்டாமல் கிளறுவது எப்படி என்று ஒரு குறிப்பு. இவையெல்லாம் கதையோடு சேர்ந்தே தைக்கப்பட்டுவிடும். கதாநாயகி ஆற்றில் விழப் போகிறாள். பக்கத்தைத் திருப்பினால் உப்புமா. ரசபங்கம் என்று நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கதையைப் படித்தவர்கள் உப்புமாவைக் கிளறிக்கொண்டேதான் படித்தார்கள். நாவல் எந்த வாழ்க்கையின் நடுவில் படிக்கப்பட்டது என்பதற்கு அச்சிட்ட புத்தகத்தில் அத்தாட்சி கிடையாது. தைத்த புத்தகத்தில் உண்டு.

சில வருஷங்களுக்கு முன் திருச்சி மெயின்கார்டு கேட் அருகே ஒரு பழைய புத்தகக் கடையில் இப்படிப்பட்ட ஒரு வால்யூம் வாங்கினேன். “கவர் இல்லை சார், பாதி விலைக்கு எடுத்துக்கிடுங்க” என்றார் கடைக்காரர். ஆசிரியர் பெயரைச் சொன்னால் பலருக்கும் தெரியும், காலமாகிவிட்டார், ஆகவே வேண்டாம். அந்த வால்யூமில் ஓர் அத்தியாயம் இல்லை. அந்த வாரப் பத்திரிகை அந்த வீட்டுக்குக் கிடைக்கவில்லை போலும். அதற்குப் பதிலாகக் கோடு போட்ட நோட்டுத்தாள் ஒன்றைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அதில் நீல மசியில், குண்டு குண்டான எழுத்தில், விடுபட்ட அத்தியாயத்தின் கதை நான்கே வரியில். கடைசியில், ‘எதிர்வீட்டு மாமி சொன்னது’ என்று ஒரு குறிப்பு.

அந்த நான்கு வரியைப் படித்துவிட்டு மேலே படித்தேன். கதையில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. பிற்பாடு நூலகத்தில் அச்சுப் பதிப்பைத் தேடி எடுத்து அந்த அத்தியாயத்தைப் படித்துப் பார்த்தேன். ஒன்பது பக்கம். அதில் ஐந்து பக்கம் நிலா வெளிச்சம். எதிர்வீட்டு மாமி நிலாவை ஒரே வீச்சில் அடித்துத் தள்ளிவிட்டு, யார் யாரிடம் என்ன சொன்னார்கள், அதனால் என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொல்லியிருக்கிறார். பத்திரிகை ஆசிரியர் செய்யத் துணியாத வேலை அது. தொடர்கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் தங்கள் அத்தியாயங்களை ஒரு தரம் எதிர்வீட்டு மாமி வாயால் சொல்லக் கேட்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. நான்கு வரிக்குள் அடங்கி, ஒன்றும் கெடாமல் இருந்தால், அத்தியாயத்தில் கோளாறு என்று அர்த்தம். நான்கு வரிக்குள் சொல்ல முயன்று, “அதைப் படிச்சாத்தான் தெரியும்” என்று மாமி நிறுத்திக்கொண்டால், அங்கே இலக்கியம் இருக்கிறது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டுக் குறைகளைச் சொல்லாவிட்டால் இது விமரிசனம் ஆகாது, வாழ்த்துப்பா ஆகிவிடும்.

முதல் குறை, பெரியதும் அதுதான்: கோணி ஊசி நாவலைக் காப்பாற்றியது, சிறுகதையைக் கைவிட்டது. தொடர்கதையைத் தைக்கலாம், ஒரு வாரம் வந்து மறைந்துபோகும் சிறுகதையை எதோடு சேர்த்துத் தைப்பது? பெரியம்மாவிடம் இதையும் கேட்டிருக்கிறேன்.

“பாக்கிப் பக்கமெல்லாம் என்ன பண்ணுவே பெரியம்மா?”

“எடைக்குத்தான். எல்லாத்தையும் வெச்சுண்டா மனுஷா எங்கேடா படுத்துக்கறது?”

நியாயம்தான். ஆனால் அந்த எடைக்குப் போன காகிதத்தில் எத்தனை நல்ல சிறுகதைகள் கடலைப் பொட்டலமாகிக் காவேரிக் கரையில் கசங்கிப்போயினவோ! தமிழில் நாவலைவிடச் சிறுகதையே முதலில் உயரம் தொட்டது என்று சொல்லுவார்கள். அந்தச் சிறுகதைகளைத் தேடியவர்கள் பட்ட பாடு சாமானியமல்ல. புதுமைப்பித்தன் காலமானது 1948ல். நூலில் சேராமல் கிடந்த அவர் எழுத்துக்கள் ‘அன்னை இட்ட தீ’ என்ற தொகுப்பாக வந்தது 1998ல். அவர் கதைகளைக் காலவரிசைப்படுத்தி, முதலில் வந்த பத்திரிகையோடு ஒப்பிட்டு, ஆ. இரா. வேங்கடாசலபதி செம்பதிப்பாகக் கொண்டுவந்தது 2000ல். ஐம்பது வருஷத் தாமதம். அதற்கு ஒரு காரணம், வீட்டுக் கத்தரிக்கோலுக்குத் ‘தொடரும்’ என்ற வார்த்தையின் மேல் இருந்த மோகம். அடுத்த வாரம் என்ன ஆகுமோ என்ற ஆவல் காகிதத்தைச் சேர்த்தது. இந்த வாரத்தோடு முடிந்துவிட்ட அழகு, காகிதத்தைக் கைநழுவ விட்டது.

இரண்டாவது குறை காகிதத்தின் குறை. வாரப் பத்திரிகைகள் அச்சானது பெரும்பாலும் மலிவான நியூஸ்பிரிண்டில். மரக்கூழில் உள்ள லிக்னின் என்னும் பொருள் அதில் நீக்கப்படாமலே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பேறி அப்பளம்போல் நொறுங்கும். எவ்வளவு பக்தியாகத் தைத்தாலும் தாளுக்கு ஆயுள் குறைவு. இது தைத்தவர் குற்றமல்ல. ஆனால் ‘பரணில் பத்திரமாக இருக்கிறது’ என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வருஷமும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியாகிக்கொண்டிருக்கிறது.

இந்த வால்யூம்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, ரஃப் நோட்டு. பரீட்சை முடிந்ததும் பழைய நோட்டுகளில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைக் கிழித்து, கோடு போட்டதும் போடாததும் கலந்து தைத்துக் கொடுப்பார்கள். அடுத்த வருஷக் கணக்குக்கு அது. மற்றொன்று, கோல நோட்டு. ஸ்ரீரங்கத்து வீதிகளில் மார்கழி மாதம் வாசலுக்கு வாசல் போடப்படும் கோலங்களுக்கு மூலம் அதில் இருக்கும். புள்ளிக் கணக்கு, இடுக்குப் புள்ளியா நேர்ப் புள்ளியா என்ற குறிப்பு, பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய கோலம், அதன் பக்கத்திலேயே பால் கணக்கு, யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் தடவிய மூலை. அதை வைத்திருந்த பெண்மணிக்கு அது டைரி என்று தெரியாது. ‘இன்று நான் மனம் நொந்தேன்’ என்று அதில் ஒரு வரியும் இராது. ஆனாலும் இருபது வருஷத்துக் குடும்பம் அதில் இருக்கும்.

இதையெல்லாம் இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சமீப காலமாக ‘ஜங்க் ஜர்னல்’ என்ற பெயரில் பழங்காகிதங்களை ஒட்டி நோட்டுப் புத்தகம் செய்யும் பழக்கம் இளைஞர்களிடையே, முக்கியமாகப் பெண்களிடையே, பரவிவருகிறது. பஸ் டிக்கெட், பிஸ்கட் உறை, துணிக்கடைச் சீட்டு, உலர்ந்த பூ எல்லாவற்றையும் ஒட்டி, பக்கத்தில் இரண்டு வரி எழுதி வைக்கிறார்கள். எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை, மகிழ்ச்சிதான். பெரியம்மாவின் ரத்தம் எங்கேயோ ஓடுகிறது என்று சந்தோஷப்படுகிறேன்.

ஆனால் கடைக்காரன் சும்மா இருப்பானா? குப்பையையும் விற்க ஆரம்பித்துவிட்டான். பழைய தபால்தலை மாதிரி புதிதாக அச்சடித்தது, பழைய கடிதம் மாதிரி புதிதாக அச்சடித்தது, இங்கிலீஷ் தோட்டத்துப் பூப்படங்கள், எல்லாம் பொட்டலம் போட்டு, நல்ல விலைக்கு. யாரும் எழுதாத கடிதம்; யாரும் ஏறாத ரயிலின் டிக்கெட். காகிதத்தைப் பழசாகக் காட்டக் காப்பித் தண்ணீரில் தோய்த்து உலர்த்துவதும் உண்டாம். ஸ்ரீரங்கத்தில் இந்த யோசனை எடுபடாது. காப்பி அங்கே குடிப்பதற்கு. தவிரவும், காகிதத்தைச் சும்மா வைத்தால் அது தானே பழசாகும். அதற்கு வேண்டியது டிகாக்ஷன் அல்ல, பொறுமை.

இதில் வேடிக்கை மட்டும் இல்லை. ஒரு விமரிசனக் கொள்கையும் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய குப்பையில் தேர்வு இல்லை. உங்கள் கையில் வந்து சேர்ந்த நூறு காகிதத்தில் எதை வைத்துக்கொள்ளுகிறீர்கள், எதை விட்டுவிடுகிறீர்கள் என்பதில்தான் உங்கள் ரசனையும் உங்கள் கதையும் தெரியும். 1919லேயே ஜெர்மனியில் குர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற கலைஞர் டிராம் டிக்கெட்டுகளையும் விளம்பரத் துண்டுகளையும் ஒட்டிச் சித்திரங்கள் செய்தார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் ‘மெர்ஸ்’. ‘கொமெர்ஸ்’ என்று அச்சான காகிதத்தைக் கத்தரித்தபோது மிஞ்சிய பாதிச் சொல் அது. பெயர்கூடக் குப்பையிலிருந்து வந்தது. அவை இன்று அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன என்றால் காரணம் பசை அல்ல; பொறுக்கிய கண்.

அச்சடித்த பகுதிகளை வாசகரே நூலாக்கிக்கொள்வதும் நமக்கு மட்டும் சொந்தமான வழக்கமல்ல. டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ 1836-37ல் மாதம் ஒரு ஷில்லிங் விலையில் பகுதி பகுதியாக வந்தது. வாங்கியவர்கள் சேர்த்து வைத்துப் பைண்டு செய்துகொண்டார்கள். அமெரிக்காவில் மார்க் ட்வெயின், வெட்டிய துண்டுகளை ஒட்டுவதற்கென்று பசை தடவிய பக்கங்களோடு ஒரு நோட்டு கண்டுபிடித்து 1873ல் பேடண்ட் வாங்கினார். ஈரம் தொட்டு வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஆக, குப்பையை ஒட்டுவதில் வியாபாரம் பண்ணிய முதல் நாவலாசிரியர் அவராக இருக்கலாம். நாம் மைதாவோடு நின்றுவிட்டோம்.

நம் ஊரில் இந்தக் காகிதப் பித்து எவ்வளவு பெரிய காரியம் செய்யும் என்பதற்கு ரோஜா முத்தையா செட்டியார் உதாரணம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் கலைஞர். நூல்களையும் பத்திரிகைகளையும் மட்டுமல்ல. கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் எறிந்ததையெல்லாம் சேர்த்தார். அவர் 1992ல் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் சேர்ந்திருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கிச் சென்னையிலேயே வைத்தது. 1994ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பிறந்தது. இன்று தமிழ்ப் பண்பாட்டைப் பற்றி எழுதும் எந்த ஆராய்ச்சியாளரும் அந்தப் படியேறாமல் இருக்க முடியாது. ஒரு தனிமனிதர் குப்பை என்று ஒதுக்கியிருந்தால் ஒரு சரித்திரம் அடுப்பெரித்திருக்கும்.

திருச்சிப் பக்கத்துக்கும் இந்தச் சரித்திரத்தில் பங்கு உண்டு. கல்கி திருச்சியில் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்து, 1921ல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை விட்டவர். டாக்டர் படிப்புப் படித்துக்கொண்டே விகடனில் எழுதிப் பேர் வாங்கிய லக்ஷ்மி, இந்த ஜில்லாவில் தொட்டியத்தில் பிறந்தவர். சுஜாதா ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். தம் வீதியையே பிற்பாடு கதைகளாக்கினார். எழுதினவர்களை இந்த ஊர் நினைவு வைத்திருக்கிறது. தைத்தவர்களை நினைவு வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது நிலைமை என்ன? ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகள் எழும்புகின்றன. அடுக்குமாடியில் பரண் கிடையாது. பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். வீட்டைக் காலி செய்ய நான்கு நாள் லீவில் வருகிறவர்களுக்கு வெள்ளிப் பாத்திரத்தைப் பங்கு போடவே நேரம் போதவில்லை. பழைய பேப்பர்க்காரர் தராசோடு வந்து நிற்கிறார். ‘சிவகாமியின் சபத’மும் சமையல் எரிவாயு ரசீதும் ஒரே விலைக்குப் போகின்றன. கல்கி பத்திரிகையே 2020ல் அச்சில் வருவதை நிறுத்திக்கொண்டுவிட்டது. இனிமேல் உருவித் தைக்க வாரா வாரம் கல்கி வாசலில் வந்து விழப்போவதில்லை. புதிதாக ஒட்டுகிறவர்களுக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது. இப்போதைய பஸ் டிக்கெட்டும் கடைச் சீட்டும் சூட்டினால் எழுத்து விழும் காகிதத்தில் வருகின்றன; நாளடைவில் எழுத்து மங்கி மறைந்துவிடும். ஒட்டினது இருக்கும், ஒட்டினது எதை என்பது தெரியாது. அதனால்தான் பக்கத்தில் இரண்டு வரி பேனாவால் எழுதி வையுங்கள் என்கிறேன். தேதி, இடம், கூட வந்தவர். நான்கு வரி எழுதிய அந்த அம்மாளைப்போல.

பழைய இதழ்களைக் கணினியில் ஏற்றிவிட்டார்களே, இனி வால்யூம் எதற்கு என்று கேட்கலாம். கணினியில் கதை கிடைக்கும். விகடனில் என்ன வந்தது என்பது தெரியும். பெரியம்மா எதைத் தைத்தார், எதைச் சணலோடு விட்டார், மாமி எதைத் தள்ளினார் என்பது அங்கே கிடைக்காது. எழுதப்பட்டதன் சரித்திரம் ஒன்று; படிக்கப்பட்டதன் சரித்திரம் மற்றொன்று. முதலாவதைப் பற்றி நமக்கு எத்தனையோ நூல்கள் இருக்கின்றன. இரண்டாவதற்கு இருக்கும் மூல ஆதாரம் இந்தக் காலிகோ முதுகுகள்தாம்.

ஆகவே நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு வால்யூம் இருந்தால், எடைக்குப் போடுமுன் முதல் பக்கத்தில் பென்சிலால் மூன்று சங்கதி எழுதுங்கள்: தைத்தவர் பெயர், ஊர், வருஷம். பிறகு, வைத்துக்கொள்ள இடம் இல்லையென்றால், பழைய காகிதத்தை மதிக்கத் தெரிந்த ஒரு நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். தமிழ் நாவலை எழுதியவர்கள் பட்டியல் நீளமாகவே இருக்கிறது. அதை இருபது வாரம் பொறுத்துப் பார்த்து, தைக்கலாமா வேண்டாமா என்று முடிவு சொன்னவர்களின் பட்டியலை இன்னும் யாரும் தொடங்கவேயில்லை.